வரத்துக்கால் அளக்க நான் செய்த ஜி.பி.எஸ். பதிவுப் பெட்டி

நாகமலைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மலையடிவாரத்து ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் நீளம் 3.8 கிலோமீட்டர். பங்குனி மாதக் கடைசி வாரத்தில் ஒரு விடிகாலையில், 68 நிமிட நடை முழுவதும், 4,080 நொடிகளும் எங்கும் அறுபடாமல் ஒரே கோப்பில் பதிவான பிறகுதான் இந்த எண்ணை உறுதியாக எழுத முடிகிறது. அதற்கு முன் ஐந்து மாதங்களில் ஒன்பது முறை அதே வழியில் நடந்தோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கெட்டது. கெட்டவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கண்மாய் தூர்வாரும் மனுவில் வரத்துக்காலின் நீளத்தையும் அது போகும் வழியையும் குறிப்பிட வேண்டியிருந்தது. முதலில் கைபேசியில்தான் முயன்றேன். திரை அணைந்ததும் செயலி தூங்கிவிட, அரைமணி நேர நடை ஒரு நேர்க்கோடாக வந்து நின்றது. எந்தச் செயற்கைக்கோள் எப்போது தெரிந்தது, எப்போது மறைந்தது என்ற விவரத்தையும் அது காட்டவில்லை. அந்த விவரம் எனக்கு வேண்டும் என்பதால் தனியாக ஒரு கருவி செய்யத் தீர்மானித்தேன்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கிய முதல் சாமான்கள் நான்கு. 25 மில்லிமீட்டர் சதுரப் பீங்கான் ஆன்டெனாவோடு ஒரு நியோ-6எம் ஜி.பி.எஸ். பலகை 420 ரூபாய். நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்னக் கணினியான ஆர்டுயினோ நானோ வகைப் பலகை 280. மைக்ரோ எஸ்.டி. அட்டை செருகும் பலகை 70. 8 ஜி.பி. அட்டை 260. வீட்டில் 25 வாட் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இருந்தன. நானோவின் கம்பியில் 5 வோல்ட் வரும், ஜி.பி.எஸ். சிப் தாங்குவது 3.3 வோல்ட் வகை என்பதால், நானோ அனுப்பும் கம்பியில் மட்டும் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு 3.3 வோல்ட்டாகக் குறைத்தேன். அனுப்பும் முனையை அனுப்பும் முனையோடு இணைத்துவிட்டு ஒரு மாலைப்பொழுது விழித்துக்கொண்டிருந்ததும் உண்டு. ஒன்றின் வாய் மற்றதன் காதுக்குப் போக வேண்டும்.

முதல்முறை மின்சாரம் கொடுத்தது வீட்டுக்குள். கான்கிரீட் கூரைக்குக் கீழே நாற்பது நிமிடம் காத்திருந்தும் இடம் கிடைத்ததைச் சிமிட்டிக் காட்டும் பலகை விளக்கு சிமிட்டவே இல்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வேப்பமரக் கிளை சாய்ந்திருக்கும் ஓரத்தில் வைத்தபோது ஆறு நிமிடத்துக்குப் பிறகு சிமிட்டத் தொடங்கியது. அணைத்து, இடம் மாற்றி, மாடியின் நடுவில் வைத்துப் புதிதாகத் தொடங்கச் செய்தபோது 41 நொடி போதுமாயிருந்தது. பத்தடி தூரத்துக்கு இவ்வளவு வித்தியாசமா என்று முதலில் நம்பவில்லை. மூன்று முறை மாற்றி மாற்றி வைத்து நேரம் குறித்தேன். மூன்று முறையும் மர ஓரம் தோற்றது.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில் சொல்லிக்கொண்டே போகிறது. ஒரு சுற்றுச் செய்தி 1,500 பிட். அது முடிய 30 நொடி. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்று வைத்தால், அரை நிமிடத்தில் வந்து சேர்வது அறுபது சொச்சம் குறிகள், அதாவது நோட்டில் இரண்டு வரி. அந்த 30 நொடியில் முதல் 18 நொடிக்குள்தான் அந்தச் செயற்கைக்கோளின் கடிகாரத் திருத்தமும், எபிமெரிஸ் எனப்படும் துல்லியமான பாதை விவரமும் அடங்கியிருக்கின்றன. நடுவில் ஒரு கிளை மறைத்துச் சில பிட்டுகள் கெட்டால் அந்தத் துண்டு மறுபடி வரும் வரை இன்னொரு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். உயரத்தையும் சேர்த்து இடத்தைக் கணக்கிட நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்தாவது இது முழுமையாகக் கிடைத்தாக வேண்டும். வேப்பமர ஓரத்தில் ஆறு நிமிடம் போனது இந்தக் காத்திருப்பில்தான். இது தெரிந்த பிறகு, கருவியை ஆன் செய்துகொண்டே நடக்கத் தொடங்கும் பழக்கத்தை விட்டேன். திறந்த வெளியில் ஆடாமல் இரண்டு நிமிடம் வைத்து, விளக்கு சிமிட்டிய பிறகு இன்னும் ஒரு நிமிடம் பொறுத்துத்தான் இப்போது காலெடுத்து வைக்கிறோம்.

இடம் கிடைத்ததும் சிப் பேசும் மொழி வெறும் எழுத்து வரிகள்தாம். என்.எம்.இ.ஏ. என்ற அந்த முறையில் ஒவ்வொரு நொடியும் ஆறு வகை வரிகள் 9,600 பாட் (நொடிக்கு ஏறத்தாழ 960 எழுத்து) வேகத்தில் வருகின்றன. அவற்றில் எனக்கு வேண்டியவை இரண்டு: தேதி, நேரம், இடம், வேகம் சொல்லும் ஆர்.எம்.சி. வரி, உயரமும், எத்தனை செயற்கைக்கோள்கள் பயன்பட்டன என்பதும் சொல்லும் ஜி.ஜி.ஏ. வரி. இந்த வரிகளை நானோவிலேயே பிரித்து, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாற்றி, அட்டையில் எழுதிவிடலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறான திருப்பம். மூன்று நடைகளை அது தின்றது.

முதல் நடையின் கோப்பைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் 9.93, 78.04 என்றே இருந்தது. ஆர்டுயினோவில் பின்ன எண்ணை எழுதச் சொன்னால், வேறு சொல்லாவிட்டால், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் எழுதும். ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு என்பது நம் பக்கத்தில் 1.1 கிலோமீட்டர், எங்கள் நடையில் பெரும்பகுதி அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

இலக்கங்களைக் கூட்டி எழுதிய இரண்டாம் நடையில் கோடு அழகாக வந்தது. ஓடை வளைவு, ரோட்டுப் பாலம், கண்மாய்க்குள் நுழையும் முன் வரும் கொண்டை வளைவு எல்லாமே அச்சாக இருந்தன. வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தால் அந்தக் கோடு விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே ஒரு காட்டில் கிடந்தது. வீட்டிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இதில் என்னை அதிகம் குழப்பியது நீளம்தான்: கோடு 2.3 கிலோமீட்டர் என்று காட்டியது. ஊரில் எல்லோரும் வழிவழியாகச் சொல்லிவந்த நீளம்கூட இதைவிட அதிகம்.

சிப் எழுதும் 0955.5 என்பது ஒன்பது டிகிரி, 55.5 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை) என்று பொருள்படும். கலையை 60-ஆல் வகுத்து டிகிரியோடு சேர்க்க வேண்டும், 9.925 வரும். நான் புள்ளியை மட்டும் நகர்த்தி 9.555 என்று எழுதிவிட்டேன். கலையை 60-க்குப் பதில் 100-ஆல் வகுத்ததால் இடம் நகர்ந்ததோடு, கோடும் எல்லாத் திசையிலும் நூற்றுக்கு அறுபதாகச் சுருங்கியது. 3.8-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 2.28. சுருங்கினாலும் வடிவம் கெடவில்லை என்பதால், இந்தத் தவறு பார்வையில் பிடிபடாது. ஜி.பி.எஸ். கோடு ஏதோ பக்கத்து மாவட்டத்தில் விழுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் நான் கேட்பது இந்த அறுபதைத்தான்.

அதைத் திருத்திய மூன்றாம் நடையில் கோடு ஊருக்குள் வந்துவிட்டது, ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கட்டு போலத் தெரிந்தது. கிழக்கு மேற்காக நடந்த இடங்களில் புள்ளிகள் சீராக நகராமல் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தாண்டல்களாக இருந்தன. வடக்கு தெற்கில் அப்படி இல்லை. நானோவில் பின்ன எண்ணுக்கு 4 பைட்தான், ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியம். 9.925 போன்ற சிறிய எண்ணுக்கு அது தாராளம், 78.04 என்ற பெரிய எண்ணுக்குப் போதாது, அங்கே இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி தரையில் 84 சென்டிமீட்டர். டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அப்படியும் எழுதிப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் அதற்குள் எனக்கு வேறொரு எண்ணம் வந்துவிட்டது: வயலில் நிற்கும் சின்னச் சிப் எதற்காகக் கணக்குப் போட வேண்டும்? சிப்பிலிருந்து வந்த வரியை வந்தபடியே எழுதிவைத்தால், பெருக்கல் வகுத்தல் எல்லாவற்றையும் வீட்டில் கணினியில் செய்யலாம். தவறாகச் செய்தாலும் மூலம் கையில் இருக்கும், மறுபடி நடக்க வேண்டியதில்லை. இரண்டாம் நடையின் மூலவரிகளை வைத்திருந்தால் மூன்றாம் நடையே வேண்டியிருக்காது.

கோப்பு வடிவத்திலும் இதே பாடம்தான். பெரும்பாலான வரைபடச் செயலிகள் ஏற்கும் ஜி.பி.எக்ஸ். வடிவத்தில் நேரடியாக எழுதலாம் என்று நான்காம் நடையில் முயன்றேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று திறப்புக் குறியும் மூடும் குறியுமாக எழுத வேண்டும்; கடைசியில் முழுத் தடத்தையும் மூடும் குறிகள் வர வேண்டும். நடை முடிந்ததும் சுவிட்சை அணைத்தேன். மூடும் குறிகளை எழுத நானோவுக்கு நேரமே கிடைக்கவில்லை, எனவே கோப்பைச் செயலி திறக்க மறுத்தது. சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து, கடைசி அரைகுறைப் புள்ளியை அழித்து, மூன்று மூடும் குறிகளைக் கையால் தட்டியதும் திறந்துகொண்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் இந்த வைத்தியம் செய்ய எனக்கு மனமில்லை.

அட்டையில் எழுதும் பிரச்சினைதான் எல்லாவற்றிலும் நீளமானது. தொடக்கத்தில் கோப்பை ஒருமுறை திறந்து எழுதிக்கொண்டே போனேன். பாட்டரியை உருவியதும் கோப்பின் அளவு 0 பைட் என்று நின்றது. எழுதியவை அட்டைக்குப் போயிருந்தாலும், கோப்பின் நீளத்தைச் சொல்லும் அட்டவணைப் பதிவு கோப்பை மூடும்போதோ, அழுத்திச் சேமிக்கச் சொல்லும்போதோதான் திருத்தப்படும். பயந்துபோய் ஒவ்வொரு வரிக்கும் திறந்து மூடும்படி மாற்றினேன். இப்போது கோப்பு பிழைத்தது, வரிகள் சிதைந்தன. ஒரு வரியின் தலையும் அடுத்த வரியின் வாலும் ஒட்டிக்கொண்டு, "ஜி.பி." என்று தொடங்கிய வரி பாதியில் வேறொரு நேரத்துக்குத் தாவியது.

எத்தனை கெட்டன என்று எண்ணுவது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண் இருக்கும். டாலர் குறிக்கும் நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட எழுத்துகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று எக்ஸ்-ஆர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால் அந்த எண் வர வேண்டும். ஒரு மணி நேரக் கோப்பில் 3,600 நொடிகளில் 131 நொடிகளுக்கு அது பொருந்தவில்லை. அட்டை எழுதும் வேலையில் சில நேரம் நூறு, இருநூறு மில்லிநொடி நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் சிப் பேச்சை நிறுத்துவதில்லை. சிப் அனுப்பும் எழுத்துகளை வாங்கும் நானோவின் மென்பொருள் சீரியலுக்கு இருக்கும் தற்காலிகக் கிடங்கோ 64 எழுத்து மட்டும். 9,600 பாட் வேகத்தில் அது 67 மில்லிநொடியில் நிரம்பிவிடும். அதற்குமேல் வந்தவை தரையில் சிந்திய தண்ணீர்.

இதைச் சரிசெய்தது இரண்டு மாற்றங்கள். முதலாவது, எனக்கு வேண்டாத நான்கு வகை வரிகளையும் நிறுத்தும் கட்டளைகளை, கருவி ஆன் ஆனதும் ஒவ்வொரு முறையும் நானோவே சிப்புக்கு அனுப்பும்படி எழுதினேன். மீதமுள்ள இரண்டு வரிகளும் சேர்ந்து 145 எழுத்து. அவை வந்து முடிய 150 மில்லிநொடிதான். ஆக, ஒவ்வொரு நொடியிலும் 850 மில்லிநொடி அமைதி. இரண்டாவது, ஜி.ஜி.ஏ. வரியின் கடைசி எழுத்து வந்து சேர்ந்த உடனே, அந்த அமைதிக்குள் மட்டும் அட்டையில் எழுதும்படியும், பத்து நொடிக்கு ஒருமுறை அழுத்திச் சேமிக்கும்படியும் செய்தேன். அடுத்த சோதனையில் மூன்று மணி நேரம் மாடியில் ஓடவிட்டேன்: 21,600 வரிகள், பொருந்தாத சரிபார்ப்பு எண் ஒன்றுகூட இல்லை. அந்த இரவு நான் அடைந்த நிம்மதியைக் கோடு முழுமையாக வந்த நாளில்கூட அடையவில்லை. மணிக்கு அரை மெகாபைட் என்ற கணக்கில் 8 ஜி.பி. அட்டை வருடக்கணக்கில் நிரம்பாது என்பதால், வரிகளைச் சுருக்கி எழுத வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

மின்சாரத்துக்கு முதலில் 9 வோல்ட் சதுர பாட்டரி வைத்தது தவறு. மொத்தக் கருவியும் 80 மில்லியாம்பியர் குடிக்கிறது. அட்டை எழுதும் கணங்களில் அது இன்னும் எகிறும். நாற்பது நிமிடத்தில் பாட்டரி தொய்ந்து, அட்டையில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் நானோ விழுந்து எழுந்தது. எழும்போதெல்லாம் புதுக் கோப்பு. ஒரே நடைக்குப் பதினொரு கோப்புகள். நான்கு பாட்டரிகளில் 120 ரூபாய் வீணானது. பிறகு 18650 வகை லித்தியம் செல் ஒன்று 160 ரூபாய்க்கும், சார்ஜிங் பலகை 35-க்கும், 5 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும் சிறு பலகை 65-க்கும் வாங்கி, எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் நான்கங்குல பி.வி.சி. பெட்டிக்குள் (45 ரூபாய்) எல்லாவற்றையும் அடக்கினேன். சுவிட்ச், கம்பி, ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து 60.

பெட்டிக்குள் அடக்கியதும் புதிய நோய். மாடி நடுவில் வைத்தாலும் இடம் கிடைக்க நான்கு நிமிடமானது. நிறுத்தி வைத்திருந்த ஜி.எஸ்.வி. வரியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு செயற்கைக்கோளின் உயரக் கோணம், திசை, சிக்னல் வலு மூன்றும் இருக்கும். வெளியே கம்பியில் தொங்கியபோது 38 முதல் 42 வரை காட்டிய வலு, பெட்டிக்குள் 27, 29 என்று கிடந்தது. 5 வோல்ட் ஏற்றும் பலகை ஆன்டெனாவுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இருந்தது. அதன் இரைச்சல் நேராக ஆன்டெனாவுக்குள் போயிருக்கிறது. ஆன்டெனாவைப் பெட்டி மூடியின் உட்புறத்தில், பீங்கான் முகம் வானத்தைப் பார்க்க ஒட்டி, அதன் முதுகுக்குப் பின்னால் 7 சென்டிமீட்டர் சதுரச் செம்புப் பூச்சுப் பலகைத் துண்டு (30 ரூபாய்) ஒன்றை வைத்து மண் முனையோடு (கிரவுண்ட்) சால்டர் செய்தேன். ஏற்றும் பலகையை எதிர் மூலைக்குத் தள்ளினேன். வலு மறுபடி 40-ஐத் தொட்டது.

இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், எங்கள் கண்மாயில் நாற்பது வருடம் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியப்பா. காலின் வழி அவர் காலுக்குத்தான் தெரியும். சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும் இடத்தில் எனக்குக் கரை எது, வயல் எது என்றே தெரியாது. தோள்பையில் வைத்தபோது ஒரு பக்கத்து வானத்தை அவர் உடம்பே மறைத்தது. தலைப்பாகையின் மேல் பெட்டியை வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டது அவர் யோசனை. அதற்குமேல் நல்ல இடம் இல்லை: தரையிலிருந்து ஆறடிக்கு மேல், சுற்றிலும் வானம்.

ஏழாம் நடையில் கோப்பு சரியாக இரண்டாகப் பிளந்திருந்தது. வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஐந்தேகாலுக்கே டார்ச்சோடு தொடங்கியிருந்தோம். முதல் கோப்பில் பதினைந்து நிமிடம், முந்தைய நாள் தேதி. இரண்டாவதில் மீதி, அன்றைய தேதி. சிப் தருவது உலக நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நமக்கு விடிகாலை 5:30 ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு கடந்து தேதி மாறுகிறது. நான் தேதியைக் கோப்பின் பெயராக வைத்திருந்தேன். இப்போது முதல் இடம் கிடைத்த கணத்தின் தேதியும் நேரமும் சேர்ந்து எட்டு எழுத்துப் பெயராகிறது; அணைக்கும் வரை அது மாறாது. கோப்புக்குள் இருக்கும் நேரத்தை நான் தொடுவதில்லை; ஐந்தரை மணியை வீட்டில் கூட்டிக்கொள்கிறேன்.

எட்டாவது நடை ஓடையின் தலையில், மலைக்குக் கீழே தடுக்கி விழுந்தது. வடக்கு வானத்தில் பாதியை நாகமலை மறைக்கும் அந்த இடத்தில், பன்னிரண்டு நிமிடம் நின்றும் விளக்கு சிமிட்டவில்லை. மாடியில் கற்ற பொறுமை அங்கே உதவவில்லை. பலகையின் மூலையில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ரீசார்ஜ் செல் ஒன்று இருக்கும். மின்சாரம் போன பிறகும் கடிகாரத்தையும், கடைசி இடத்தையும், செயற்கைக்கோள் விவரங்களையும் அதுதான் காக்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் 1.1 வோல்ட். அதனால் ஒவ்வொரு காலையும் அந்தச் சிப் ஒன்றும் தெரியாமல், எல்லாச் செயற்கைக்கோள்களையும் ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறது. அல்மனாக் என்ற சொல்லுக்குப் பஞ்சாங்கம் என்றே பொருள். எந்தச் செயற்கைக்கோள் எந்த நேரத்தில் ஏறத்தாழ எங்கே இருக்கும் என்ற அந்தப் பஞ்சாங்கம் முழுவதும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அது கையில் இருந்தால், மலைக்குப் பின்னால் இருப்பவற்றைத் தேடி நேரம் கழிக்காமல், தெரிபவற்றை நேராகப் பிடிக்கலாம். 40 ரூபாய்க்குப் புதுச் செல் போட்டு, முந்தைய மாலை மாடியில் அரைமணி நேரம் ஓடவிட்டு எடுத்துப்போனேன். எபிமெரிஸ் நான்கு மணி நேரத்தில் பழசாகிவிடும், அதைக் காலையில் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பஞ்சாங்கமும் நேரமும் இருந்ததால் அதே மலையடியில் ஐம்பது நொடியில் விளக்கு சிமிட்டியது. ஆனால் அந்த ஒன்பதாம் நடையில், வழியில் பெரியப்பா துண்டை இறுக்கும்போது சுவிட்ச் தட்டுப்பட்டு அணைந்துவிட்டது. சுவிட்சைப் பெட்டியின் உள்பக்கத்துக்கு மாற்றினேன்.

பத்தாவது நடையின் கோப்பு 590 கிலோபைட். வீட்டில் வரிகளைச் சரிபார்த்து ஜி.பி.எக்ஸ். ஆக்கும் முன், அந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்கக் கண்மாய்க் கரையில் கலுங்கிலிருந்து பெரிய மடை வரை 30 மீட்டர் டேப் பிடித்து அளந்தோம்: 612 மீட்டர். அதே கரையில் பெட்டியோடு நடந்து, ஒவ்வொரு நொடிப் புள்ளியையும் இணைத்தால் 631. ஒவ்வொரு புள்ளியும் இப்படியும் அப்படியும் சிறிது ஆடுவதால், எல்லாவற்றையும் இணைத்தால் கோடு நீண்டுவிடுகிறது. ஐந்து மீட்டர் நகர்ந்த பிறகே அடுத்த புள்ளியை எடுத்துக்கொண்டால் 615. வரத்துக்கால் நீளத்தையும் இந்த முறையில்தான் கணக்கிட்டேன். நடுவில் பெரியப்பா ஒரு புளியமரத்தடியில் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்த இடம் சிக்கெடுத்த நூற்கண்டு போல இருந்தது. அங்கே மட்டும் அறுபது மீட்டர் பொய்யாகக் கூடியிருந்தது. வேகம் மணிக்கு அரை கிலோமீட்டருக்குக் கீழே உள்ள புள்ளிகளை நீக்கியதும் அது அடங்கியது. மூலக்கோப்பில் அந்த எட்டு நிமிடமும் அப்படியே இருக்கிறது.

உயரத்தை நான் பயன்படுத்தவில்லை. ஒரே மடையை மூன்று நாட்களில் அளந்தபோது உயரம் பதினான்கு மீட்டர் வரை மாறியது. காலின் மொத்தச் சரிவே அதைவிடக் குறைவு. சரிவுக்குக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்தான் சரி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஜி.பி.எஸ். கணக்கிடும் தட்டைக் கோளப் பரப்புக்கும் கடல் மட்டத்துக்கும் நம் பக்கத்தில் ஏறத்தாழ 90 மீட்டர் வித்தியாசம். இரண்டில் எதைக் கருவி எழுதுகிறது என்று பார்க்காமல் யாராவது உயரத்தை எடுத்துக்கொண்டால் கண்மாய் கிணற்றுக்குள் போய்விடும்.

மொத்தச் செலவு 1,465 ரூபாய், வீணான பாட்டரிகளைச் சேர்த்தால் 1,585. மறுபடி செய்தால் நானோவுக்குப் பதில் இ.எஸ்.பி.32 பலகை வாங்குவேன். நூறு, நூற்றைம்பது ரூபாய் கூடும், ஆனால் ஜி.பி.எஸ்.ஸுக்கென்றே தனி வன்பொருள் சீரியலும் பெரிய கிடங்கும் இருப்பதால் அட்டையோடு நான் பட்ட பாடு மிச்சம். ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் நியோ-எம்8என் பலகை மலையடிக்கு உதவும்.

கோட்டை ஏ3 தாளில் அச்செடுத்துப் பெரியப்பாவிடம் விரித்துக் காட்டினேன். மலையடியிலிருந்து விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல், கோடு வில்லாக வளையும் ஓரிடத்தில் விரல் நின்றது.

"தம்பி, இந்த எடத்துல முள்ளு அடைச்சுக் கெடந்துச்சுன்னு நாமதான் இங்கிட்டுச் சுத்திப் போனோம். காலு இப்படிப் போகாது. நேரா அங்கிட்டுப் போகும்."

அவர் சொன்ன இடத்தைப் பென்சிலால் நேர்க்கோடாகப் போட்டு, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். வில்லுக்கும் நாணுக்கும் 70 மீட்டர் வித்தியாசம். அந்த நாணின் மேல் இப்போது காலே இல்லை, சமமாக்கிய நிலம் இருக்கிறது. மனுவில் இணைத்த படத்தில் அந்தத் துண்டைப் புள்ளிக்கோடாகக் காட்டி, "அடைபட்ட பகுதி" என்று எழுதினேன். நீளமாக நடந்த வழியின் 3.8 கிலோமீட்டரையே கொடுத்து, இந்த 70 மீட்டரைக் கீழே தனியாகக் குறித்தேன்.

பெட்டியின் பக்கவாட்டில் இப்போது ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, ஐந்து ரூபாய். அழுத்தினால் அந்த நொடியின் வரிகளுக்குக் கீழே ஒரு குறி விழும். மடை வந்தால் ஒரு தடவை, உடைப்பு என்றால் இரண்டு தடவை, காலை விட்டு விலகி நடக்கத் தொடங்கினால் மூன்று தடவை. பொத்தான் தலைக்குமேல் இருப்பதால் அதிலிருந்து ஒரு மீட்டர் கம்பி இழுத்துப் பெரியப்பாவின் கைக்கு விட்டிருக்கிறேன். அடுத்த நடை பக்கத்து ஊர்க் கண்மாயின் வரத்துக்காலில்.